குனி, ஓடு, போடு

என் தம்பியின் விரல்கள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டு வந்த காலத்தில்தான், கணினி விளையாட்டுக்காரர்கள் வைத்துக்கொள்ளும் சில்லறை மென்பொருள்கள் எல்லாம் எனக்கு அத்துப்படியாயின. எனக்கு அந்த விளையாட்டுகளே பிடிக்காது. முப்பதைத் தாண்டிய ஆள் ஞாயிற்றுக்கிழமை சோற்றைத் தின்றுவிட்டுத் திரையில் துப்பாக்கி சுடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் கப்பலூர்ப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவனால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போனது. தசை சுருங்கும் வியாதி, மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஞாயிறு மதியம் மட்டும்தான்.

தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து அரட்டை அடித்த பள்ளிக்கூடக் கூட்டாளிகள் நான்கு பேர் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். அவர்களும் இவனும் இணையத்தில் ஒரே அணியாக, பேசிக்கொண்டே ஆடுவார்கள். வியாதியைப் பற்றி இவன் அவர்களிடம் மூச்சு விடவில்லை. கை தாமதித்தால், "நெட்டு இழுக்குது மாப்ள" என்பான். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவன் பழைய ஆளாகவே இருந்தான். அதையாவது அவனிடம் விட்டுவைக்க வேண்டும் என்பதுதான் என் பாடு.

முதலில் கீபோர்டின் விசைகளை இடம் மாற்றும் மென்பொருளைப் போட்டேன். வலது கை செய்ததை எல்லாம் இடது கைக்குக் கொண்டுவந்தேன். பிறகு இரண்டு விரலுக்கு, அப்புறம் ஒரே விரலுக்கு. கடைசியில் குறி பார்க்கக் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியபோது, குரலைக் கேட்டு விசையை அழுத்தும் மென்பொருள் வந்தது. எந்தச் சொல்லையும் அதற்குப் பழக்கலாம். குனி, ஓடு, போடு என்று பழக்கினோம். 'போடு' என்றால் மவுஸின் இடது பொத்தான், சுடுவதற்கு. இந்தச் சொற்கள் கூட்டாளிகளின் காதுக்குப் போகாமல் அடைத்தும் வைத்தோம்.

ஒரு ஞாயிறு, விளையாட்டில் இறங்கிய புது அப்டேட் அந்த அடைப்பை எடுத்துவிட்டது. எங்களுக்குத் தெரியாது. இயர்போனின் ஒரு முனை அவன் காதில், இன்னொன்று என் காதில். தம்பி "குனி" என்றான். திரையில் நான்கு பேரும் குனிந்தார்கள். "ஓடு" என்றான். ஓடினார்கள். ஜெயித்தும் விட்டார்கள்.

"என்ன மாப்ள, இன்னைக்கு அம்புட்டு அதட்டல்?" என்றான் ஒருவன்.

தம்பி சிரித்தான். மாதக்கணக்காக வராத சிரிப்பு. சிரித்த வேகத்தில் வாயை விட்டுவிட்டான். "ஒங்களச் சொல்லலடா, கம்ப்யூட்டரச் சொன்னேன். எனக்குக் கை போச்சுடா."

இயர்போனில் ஒருவன், "சாப்ட்டியா மாப்ள?" என்று கேட்டான்.

அடுத்த வாரத்திலிருந்து ஆட்டமே வேறு. எதிரி கண்ணெதிரே நின்றாலும், இவன் 'போடு' சொல்லும்வரை நால்வரும் சுடாமல் காத்திருந்தார்கள். இவனுக்கு வரும் குண்டை முன்னால் போய் வாங்கிக்கொண்டார்கள். முன்பு தோற்றால் இவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியவர்கள், "பரவால்ல மாப்ள" என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வீட்டில் நாங்கள் எல்லோரும் அவனிடம் அப்படித்தானே நடந்துகொள்கிறோம்.

சில வாரம் பொறுத்தான். பிறகு ஒரு மதியம், "அக்கா, எல்லாத்தையும் எடுத்துரு" என்றான்.

"ஏன்டா?"

"அங்கனயும் நோயாளியாயிட்டேன்க்கா."

விசை மாற்றும் மென்பொருளை முதலில் நீக்கினேன். ஏன் நீக்குகிறீர்கள் என்று அது கேட்டு, காரணங்களையும் அதுவே காட்டியது. பயன்படுத்தக் கடினம். இதைவிட நல்லது கிடைத்தது. இனி தேவையில்லை. எதையோ அழுத்தித் தள்ளினேன்.

கடைசியாகக் குரல் மென்பொருள். அதுவும் அதையே கேட்டு, அதே மூன்று காரணங்களைக் காட்டியது.

"மூணாவதுக்கா" என்றான்.

அம்புக்குறியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். என்னால் அழுத்த முடியவில்லை. அவன் என் கையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"போடு" என்றான்.

அது அழுத்தியது.