ஆவடியில் மறித்த வாசல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தினமும் காலை திருநின்றவூரில் மின்ரயில் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெண்கள் பெட்டியில் எங்கள் கோஷ்டி ஏழு பேர். முதலில் ஏறுகிறவள் கைக்குட்டை, சாப்பாட்டுப் பை என்று கையில் இருப்பதையெல்லாம் போட்டு அடுத்தடுத்த நிலையங்களில் ஏறும் மற்றவர்களுக்கு இடம் பிடிப்பாள். ஆவடியில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். அதுதான் நியாயம் என்று நானும் நம்பினேன். ஒரு நாள் ஆவடிக்காரி ஒருத்தி கைக்குட்டையை எடுத்து எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். வாய்ச்சண்டை அம்பத்தூர் வரை போனது.

அடுத்த வாரம் எங்களில் ஒருத்தி என் காதருகே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை கும்பலா வராங்களாம்க்கா. நம்மள எழுப்பி வுடப் போறாங்களாம்."

கும்பலாக வருகிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்த செய்தி. மீதியை அவள் பயம் சேர்த்துக்கொண்டது என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. எனக்கும் பயம்தான். அதை வெளியே சொன்னால் மானம் போய்விடும் போலிருக்க, "வரட்டும், ஒரு கை பாத்துடலாம்" என்றேன். அதைக் கேட்டு மற்றவர்களுக்கும் ரோஷம் வந்தது. பயத்தோடு உட்கார்ந்திருப்பதைவிடக் கோபத்தோடு நிற்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆவடியில் அவர்கள் பட்டுப்புடவையில் கூட்டமாக நின்றிருந்தார்கள். சண்டைக்கு யாராவது பட்டு உடுத்துவார்களா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். முன்னால் வந்தவளை நான் தோளால் இடித்துத் தள்ளினேன். அவள் கையிலிருந்த பை மட்டும் உள்ளே விழுந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் பையைத் திறந்தோம். சந்தனம், குங்குமம், எலுமிச்சை சாதம், கண்ணாடி வளையல்கள். வளையல்களில் பாதி உடைந்திருந்தன. அவர்களில் ஒருத்திக்கு வளைகாப்பு. ரயில் சிநேகிதிகளுக்கு ரயிலிலேயே வளைகாப்பு போடுவது எங்கள் வழக்கமும்தான். இதே பெட்டியில் எனக்கும் போட்டிருந்தார்கள்.

மறுநாள் புது வளையல்கள் வாங்கி, பையோடு ஆவடியில் இறங்கினேன். நான் தள்ளிவிட்டவளே பையை வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கும் சேத்துதான்க்கா வளையல் வாங்கினு வந்தோம்," என்றாள். "இனிமே சண்ட வேணாம், அவங்களுக்கும் போடலாம்னு அவதான் சொன்னா." சற்றுத் தள்ளி நின்ற கர்ப்பிணியைக் காட்டினாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு ஜோடியாவது என் கையால் போட்டுவிடலாம் என்று அந்தக் கர்ப்பிணியை நோக்கி நடந்தேன். அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.