கயிறு பிடித்த கை

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதைத் தடை செய்யச் சொல்லி மாதா கோவில் வாசலில் கூடிய கூட்டத்தில் நானும் கை தூக்கினேன்.

கூட்டத்தைக் கூட்டியது என் அண்ணன். "கதாநாயகன் ஜெபமாலையக் கடல்ல வீசுதான். நான் கண்ணால பாத்தேன். தூத்துக்குடியில இது ஓடக் கூடாது!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். படம் நின்றது.

படப்பெட்டியைத் திருப்பி அனுப்பும் முன் கொட்டகை ஆபரேட்டர் என் வீட்டைத் தேடி வந்தார். காயல்பட்டினத்து பாய். சிறிய பிலிம் துண்டு ஒன்றைக் கொடுத்தார்.

"வெயிலுக்கு நேரா புடிச்சுப் பாருங்கம்மா."

அதில், தோணி விளிம்பில் என் கணவர் நின்றார். சங்கு குளிக்கப் போய்த் திரும்பாதவர். அவர் கடலோடு போனதற்கு முந்தைய வருடம் சினிமாக்காரர்கள் வந்து எங்கள் தோணியைப் படம் பிடித்திருந்தார்கள். அவருக்குப் பின்னால், கயிற்றைப் பிடித்தபடி அண்ணன். குளிப்பவரை மேலே இழுக்கும் அந்தக் கயிற்றை எங்களில் மச்சான்தான் பிடிப்பார்; அவர் திரும்பாத அன்றும் அண்ணன்தான் பிடித்திருந்தார். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்?

பாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தக் காட்சி வந்ததுமே உங்க அண்ணன் அழுதுட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ. ஜெபமாலைக் காட்சி அதுக்குப் பொறவுதாம்மா வரும்."

அண்ணனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது வீட்டில் நான் மட்டும். சில நாள் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன். அதில் என் கணவர் இன்னும் குதிக்கவில்லை. அண்ணன் கையில் கயிறு இறுக்கமாகத்தான் இருக்கிறது.