மூன்றாவது பாஸ்

மூன்றாவது முறையும் பந்து என் கைக்கே வந்தது. முந்தைய இரண்டு முறையும் நான் எறிந்தது ரிங்கில் பட்டுத் தெறித்திருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எனக்கு வந்தது கோபம்தான். இந்த அக்காவுக்கு என்ன பைத்தியமா, மறுபடியும் எனக்கே தருகிறாரே!

தந்தவர் எங்கள் கேப்டன் அக்கா. செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். எங்கள் திருவண்ணாமலைக் கூடைப்பந்து அணியில் அவரைத் தவிர நாங்கள் எல்லோரும் சுமார்தான். அன்று பௌர்ணமி. ஊருக்குள் பஸ் விடாததால் வேலூர் அணி எல்லையிலேயே இறங்கி, கிரிவலக் கூட்டத்தோடு நடந்து வந்து சேர்ந்திருந்தது. வேலை கொடுத்து ஆட வைக்கும் ஒரு பெரிய அணிக்கு ஆள் எடுக்க, ஒருவர் முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். “இந்த வருஷம் வேலை கிடைக்கலன்னா மாப்பிள்ளை பாத்துடுவேன்னு அப்பா சொல்லிட்டாருடி” என்று ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே அக்கா சொல்லியிருந்தார்.

முதல் பாதியில் எங்கள் புள்ளிகளில் பெரும்பாலானவை அவர் எடுத்தவை. அதன்பிறகு வேலூர்ப் பெண்கள் மூன்று பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை முட்டித் தள்ளிக்கொண்டு அவரே எறிந்திருக்கலாம். அப்படிப் பலமுறை செய்தவர்தான். நோட்டில் அவர் பெயருக்கு நேரே இரண்டு புள்ளிகள் ஏறியிருக்கும். ஆனால், “பயப்படாம போடு!” என்று கத்தியபடி பந்தை எனக்கு அனுப்பினார். கண்ணை மூடாத குறையாக எறிந்தேன். விழுந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம்.

நோட்டுக்காரர், அதிகப் புள்ளி எடுத்த வேலூர்ப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிளம்பினார். நான் அழுதேன். “நீங்களே போட்டிருந்தா உங்களத்தான் எடுத்திருப்பாருக்கா.”

“மூணு பேர் என்னைச் சுத்தி இருந்தாங்க. நீ தனியா நின்ன. வேற யாருக்குடி குடுப்பேன்?” என்றார். சொல்லிவிட்டு டவலால் முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அது வியர்வை மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் வேலூர் அணியின் கோச் மேடம் எங்கள் பக்கம் வந்தார். “எங்க பொண்ணுங்க மூணு பேரும் இவளையே பாத்துட்டு இருந்தாங்க. இவ உங்க எல்லாரையும் பாத்துட்டு இருந்தா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்காவின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, தனக்குத் தெரிந்த ஓர் அணியின் தேர்வுக்கு அவரே அழைத்தார். மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொன்ன அப்பா, தன் ஆட்டோவிலேயே அக்காவை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். அந்த அணி அக்காவை எடுத்துக்கொண்டது. இன்றும் அதில்தான் ஆடுகிறார்.

நான் இப்போது வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அக்காவின் ஆட்டங்களைப் போனில் பார்ப்பேன். அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் எப்போதாவதுதான் வரும். ஆனால் அவர் களத்தில் இறங்கினால் மற்ற நால்வரின் ஆட்டமும் மாறிவிடுகிறது. தவறவிட்டவள்கூடத் தைரியமாகக் கையை நீட்டிப் பந்து கேட்கிறாள். ஆட்டத்தைத் திருப்புகிறவர் என்றால் எனக்கு அதுதான் அர்த்தம்.

போன வாரம் அவர்கள் ஒரு கோப்பையை ஜெயித்தார்கள். அன்றே அக்கா போனில் அழைத்தார். “நீங்க எத்தன பாயிண்ட்டுக்கா?” என்று கேட்டேன்.

“ஆறோ எட்டோ, அத விடு. எங்க டீமுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. இன்னிக்கு அவ ஆடுனத நீ பாத்திருக்கணும்டி!”