இமையில் ஏறிய தூண்டில்முள்

1981 ஜனவரி 18, ஞாயிறு. வழக்கம்போல் ஆறரைக்குக் காபி குடித்து, ஏழுக்குக் கல்லங்குறிச்சி ஏரியில் இருந்தேன். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சுழல் தூண்டிலில், மீனை ஏமாற்ற, முள்ளில் சேவல் இறகால் நானே கட்டிய பொய் ஈ. மீன் நழுவக்கூடாதென்று, குத்தியபின் திரும்பி வரவிடாமல் பிடிக்கும் முள்ளின் எதிர்முனையை அரத்தால் கூராக்கியிருந்தேன். கருவேல மரங்களின் இடுக்கில், பின்னால் பார்க்காமல் வீசினேன்.

அலறல் கேட்டது. ஆடு மேய்ப்பவர் ஒருவரின் இமையில் முள் ஏறியிருந்தது. எதிர்முனை விடவில்லை, இழுத்தால் கண் போய்விடும். நூலை அறுத்துவிட்டு அழுதேன்.

"அழுவாதீங்க சார். உங்க சைக்கிள மிதிங்க, பின்னால குந்திக்கிறேன்" என்றார். அரியலூர் ஆஸ்பத்திரி வரை, "இன்னும் கண்ணு தெரியுது சார்" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

கண் தப்பியது. "அடுத்தவாட்டி மீனப் புடிங்க" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, அதே அரத்தால் எல்லா முட்களின் எதிர்முனையையும் ராவி மழுக்கினேன்.