ஆயுத பூஜைக்கு நிறுத்திய ஃப்ரீசர்

கீழ்வேளூர் நடராசன் மகள் வானதிக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போய்விட்டுத் தஞ்சாவூர் திரும்பியவளுக்கு, கல்லூரி ஆய்வுக்கூடத்து ஃப்ரீசரைப் பார்த்தபோது முகமே சிவந்துவிட்டது. கதவில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. சுவிட்ச் அணைந்திருந்தது. உள்ளே ஒரே ஈரம்.

அதில் இருந்தது வளர்ச்சிக் காரணி என்னும் மனிதப் புரதம். மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதைக் கொண்டே செய்யவைத்த சரக்கு. மருந்தல்ல, ஆராய்ச்சிக்கு மட்டும். ஆறாத புண்ணுக்குத் தோல் வளர்க்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள் வானதி. இந்தப் புரதம் கிடைக்காவிட்டால் தட்டில் வளரும் தோல் செல்கள் சுருண்டு செத்துப்போகும். வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவதற்குத் தவம் கிடந்து, வந்ததைக் கரைத்துச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்திருந்தாள். அத்தனையும் பாழ்.

காவிரி ஏமாற்றிய வருஷங்களில்கூட அப்பா அவள் படிப்பை நிறுத்தவில்லை. அண்ணன் துபாய் போனான். கூடப் படித்தவர்கள் அமெரிக்கா, ஜெர்மனி என்று பறந்தார்கள். இப்போது சிங்கப்பூர் ஆய்வகம் ஒன்று அவளையும் கூப்பிட்டிருந்தது. பேராசிரியர் மதிவாணனின் சிபாரிசுக் கடிதம் மட்டும்தான் பாக்கி.

"யாருண்ணே இதை நிறுத்தினது?"

"நாந்தாம்மா," என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் துரைக்கண்ணு. "எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைச்சுப் பொட்டு வைக்கச் சொன்னாரு சாரு. ஃப்ரிட்ஜுமான்னு கேட்டேன். அதுக்கும் இன்னிக்கு ஓய்வுதான்யா, ஒண்ணு விடாம நிறுத்துன்னாரு. மறுநாள் பூஜை போட்டப்புறம்தானே தொடணும்?"

வானதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஃப்ரீசரை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று மதிவாணனிடம் சொல்லிவிட்டுத்தானே பஸ் ஏறினாள்! அவரும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே தலையாட்டினார். தலையாட்டிப் பொம்மை ஊர்க்காரர் அல்லவா, ஆட்டுவதற்கு என்ன குறைச்சல்!

விஷயம் தெரிந்து பிரின்சிபால் மூன்று பேரையும் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைக்குப் போகும் வழியில் மதிவாணன் அவளை ஓரமாக அழைத்தார். "நீ வாயைத் திறக்காம இரு. உன் லெட்டர் நாளைக்கு ரெடி."

உள்ளே போனதும் அவர் சொன்னது இதுதான்: "படிக்காத ஆளு சார். என்னை ஒரு வார்த்தை கேக்காம நிறுத்திட்டான். வேலையை விட்டு அனுப்பிடலாம்."

துரைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியர் வாயிலிருந்து இப்படியொரு பொய் வரும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்கமாட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். புரதம் கெட்டால் இன்னொன்று வரவழைக்கலாம். இந்த மனுஷன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் வேலைக்கு எங்கே போவார்?

"சார்தான் நிறுத்தச் சொன்னாரு," என்றாள் வானதி. "நான் வேணாம்னு சொல்லிட்டுப் போயும் சொன்னாரு."

மதிவாணன் வெடுக்கென்று திரும்பினார். "சிங்கப்பூர் போகணும்ல?"

"போகல சார். அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

பிரின்சிபால் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவர் சொன்னதுக்குச் சாட்சி இருக்காம்மா?"

"இருக்கு. அப்பப் பக்கத்துல கற்பூரத் தட்டோட நின்னது நீங்கதான்னு துரைக்கண்ணு அண்ணன் சொன்னாரே சார். உங்க காதுல விழலையா?"