டிரைவர் இல்லாத லாரிகள்

புதுவயல் அரிசி மில்லில் இருபத்துமூன்று வருஷம் லாரி ஓட்டிய ஹனிபாவின் வீட்டு அலமாரியில் பதினொரு வண்டிகள் நின்றன. எல்லாமே சண்டைக்காலத்துப் பட்டாள வண்டிகள். எல்லாமே உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பொம்மைகள். ஜீப் உண்டு, லாரி உண்டு, பீரங்கி இழுக்கிற வண்டி உண்டு. ஒன்றில்கூட டிரைவர் கிடையாது. பெட்டிக்குள் டிரைவர் வந்திருப்பான். தொப்பி போட்டு, ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தளவு இருப்பான். ஹனிபா அவனை எடுத்துத் தைல டப்பாவில் போட்டுவிட்டு, வண்டியை மட்டும் ஒட்டி முடிப்பார்.

தொழுகிற வீட்டில் உருவம் வைக்கக் கூடாதென்று எடுத்துவிடுகிறார் என்று தெருவே நினைத்தது. பேணுதலான மனுஷன் என்று பேரும் கிடைத்தது. சும்மா கிடைக்கிற நல்ல பேரை வேண்டாமென்று தள்ள யாருக்கு மனசு வரும்? அவரும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

பெட்டிகளை அனுப்புகிறவன் மகன் சாதிக் அலி. அறுபத்துமூன்றில் சிங்கப்பூருக்குக் கப்பலேறியவன், அங்கே ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலைக்கு நின்றான். அத்தா பர்மாவில் பட்டாள லாரி ஓட்டியவர் என்று அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. ஊருக்கு வருகிறவர்கள் கையில் மற்ற பிள்ளைகள் செண்ட்டும் கைலியும் கொடுத்துவிட்டால், இவன் அட்டைப்பெட்டி கொடுத்துவிடுவான். உள்ளே சக்கரம், கதவு, அச்சு எல்லாம் ஒரு சட்டத்தில் துண்டு துண்டாகத் தொற்றிக்கொண்டிருக்கும். பிளேடால் அறுத்தெடுத்து, காகிதத்தில் போட்டிருக்கிற படத்தைப் பார்த்து ஒட்ட வேண்டும். கூட வருகிற பசை டியூப் கடல் தாண்டுவதற்குள் சில சமயம் கல்லாகிவிடும். அப்போது ஊசியைச் சிமினி விளக்கில் பழுக்கக் காட்டி, இரண்டு துண்டையும் ஓரத்தில் உருக்கி ஒன்றாக்குவார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டு எழுந்தால் அதுதான் அவருக்கு வேலை.

பக்கத்தில் தங்கை ஆரிபா உட்கார்ந்திருப்பாள். அவள் கழுத்தில் கருகமணி இருக்கும். புருஷன் உயிரோடு இருக்கிறவள் போடுகிற மணி அது. அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம் மணிகள் ஒன்றோடொன்று உரசிச் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும்.

அவள் புருஷன் சபியுல்லாவைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டதே ஹனிபாதான். கலியாணமாகிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் துரத்த, பர்மாவை விட்டுப் பட்டாளம் ஓடிவந்தது. அந்த வருஷம் ஆனி மாதம் எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தவர் ஹனிபா மட்டும்தான். இருபது வயது ஆரிபா வாசலில் நின்று கேட்டாள்.

"அவுக எங்கண்ணே?"

"கூட்டத்துல பிரிஞ்சுட்டோம் புள்ள. பின்னாடி வந்துருவாரு."

அப்படிச் சொல்வோம் என்று அவரே நினைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. நாளைக்கு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். அந்த நாளை முப்பத்தொரு வருஷம் வரவே இல்லை.

பட்டாள ஆபீசும் 'காணவில்லை' என்று ஒரு காகிதம் அனுப்பிவிட்டுக் கைகழுவியது. நாலு வருஷம் கழித்து ஜமாத்துப் பெரியவர்கள் வந்தார்கள். வழக்குப் போட்டு நிக்காஹை முறித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது, காரைக்குடி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பெண் கேட்கிறார், நல்ல மனுஷன், என்ன சொல்கிறாய் என்றார்கள். "பொறுங்க, மாப்ளை வந்துருவாரு" என்று அனுப்பிவிட்டார் ஹனிபா. அப்போது அவர் மனைவி சைதுன் பீவி பிரசவத்தில் மௌத்தாகி மூன்று மாதம். ஐந்து வயது சாதிக் ஆரிபாவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றிருந்தான். இதைச் சொல்லாமல் விட்டால் கதை ஹனிபாவுக்கு ரொம்பச் சாதகமாகப் போய்விடும்.

ஆரிபா காத்திருந்தாள். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கு முதல் நாளும் மணியைப் பழைய நூலிலிருந்து உருவிப் புது நூலில் கோத்துக்கொள்வாள்.

எழுபதில் ஹனிபாவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஒரு நாள் மாட்டுவண்டி மேல் ஏற்றப் போனார். மில்காரர் சாவியை வாங்கிக்கொண்டு, கேட்டில் உட்காரச் சொல்லிவிட்டார். மதுரை டாக்டர், புரை இன்னும் முற்றட்டும், அப்புறம் அறுக்கலாம் என்றார். எழுபத்துமூன்றில் பன்னிரண்டாவது பெட்டி வந்தபோது அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரிந்தன. ஆரிபா வருவதை மணிச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்வார்.

"இது என்ன வண்டி? படத்தைப் பார்த்துச் சொல்லு" என்றார்.

"லாரிண்ணே. மூக்கு சப்பையா இருக்கு. பின்னாடி தார்பாய் கட்டிருக்கு."

ஹனிபா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுதான் நாங்க ஓட்டுனது" என்றார்.

அவர் வாயால் சொல்ல, ஆரிபா கையால் ஒட்டினாள். மூன்று வெள்ளிக்கிழமை ஆனது. மூன்றாவது வாரம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். எழுந்தபோது முடிந்த வண்டியைக் கையில் கொடுத்தாள்.

தடவிப் பார்த்தார். சக்கரம் சுற்றியது. தார்பாய் மடிப்புகூட விரலில் தட்டியது. சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தவர், விரலைக் கதவு சன்னல் வழியாக உள்ளே விட்டார். சீட்டில் ஒரு தலை இருந்தது.

"எடுறா அவரை!" என்று அலறினார். "அவரோட தள்ளாதீகடா! அவரை இறக்கிட்டுத் தள்ளுங்கடா!"

நகத்தால் சுரண்டினார். ஆரிபா பசையை நிறையவே வைத்திருந்தாள். அசையவில்லை.

"நாந்தாண்ணே வச்சேன்" என்றாள் அவள். "அவுக ஓட்டுன வண்டியாச்சே, இதுல மட்டும் ஆள் இருக்கட்டுமேன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "யாரைத் தள்ளுனீக?"

அன்றைக்குத்தான் சொன்னார். ஒரு வண்டி மட்டும் போகிற மலைப்பாதை. ஸ்டீயரிங்கில் சபியுல்லா, பின்னால் தார்பாய்க்குள் ஹனிபா. ஆகாய விமானம் தாழ வந்து சுட்டது. குண்டு நெஞ்சில் பாய்ந்தது. லாரி பாறையில் மோதி நின்றுவிட்டது. இரண்டு கதவும் நசுங்கித் திறக்கவில்லை. பின்னால் நூறு வண்டிகள் நிற்க, பாதையை அடைத்த லாரியைப் பள்ளத்தில் தள்ளச் சொல்லி ஒரு துரை துப்பாக்கியை எடுத்துவிட்டான். கால்மணி நேரம் கொடுங்கள், கதவை உடைத்து ஆளை எடுத்துவிடுகிறேன் என்று ஹனிபா காலில் விழுந்தார். கொடுக்கவில்லை. ஆறு பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

"அதுல ஒரு தோளு என்னோடது" என்றார். "குளிப்பாட்டல, கஃபன் துணி போடல, ஒருத்தர் தொழுகல. அதை உங்கிட்ட வந்து எப்புடிச் சொல்லுவேன்?"

"மூச்சு இருந்துச்சா?"

"இல்ல. அல்லா அறிய இல்ல. சன்னல் வழியாத் தலையை விட்டு நெஞ்சுல காது வச்சுப் பாத்தேன்."

ஆரிபா அழவில்லை. "எந்த மாசம்?" என்று கேட்டாள்.

"சித்திரை."

"ஹஸ்ரத்துகிட்டப் போயிக் கேட்டுட்டு வாங்க. நான் இத்தா இருக்கணும். என்னைக்கிருந்து உக்காரணும்னு கேளுங்க."

புருஷன் போனால் பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்து துக்கம் காப்பதுதான் இத்தா. ஹனிபா தடியைத் தட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். ஹஸ்ரத் விரல் விட்டு மாதங்களை எண்ணினார்.

"சேதி வந்த நாள் கணக்கில்ல பாய். மௌத்தான நாள்தான் கணக்கு. அந்தப் புள்ளைக்கு இத்தா அந்த வருசம் நோன்புக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. இப்ப உக்கார வேண்டியதில்ல" என்றார். வருகிற வெள்ளி சபியுல்லாவுக்கு, உடல் இல்லாதபோது தொழுகிற ஜனாஸா தொழுகையை நடத்திவிடலாம் என்றும் சொன்னார்.

திரும்பி வருகிற வழியில் ஹனிபா மில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இன்றிலிருந்து உட்கார் என்று சொல்லிவிட்டால் என்ன? பாவம், துக்கத்தைக் காக்க அவளுக்கு நாலு மாதமாவது கிடைக்கும். அதுவும் ஒரு பொய். அவள் நல்லதுக்கென்று சொன்ன பொய் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அது போதாதா? நெல் லாரி ஒன்று ஹாரன் அடித்து அவரை ஒதுங்கச் சொன்னது. ஒதுங்கி வீட்டுக்கு வந்தார்.

உள்ளறை நிலையைத் தாண்டியதும் காலில் பாய் தட்டியது. இத்தா இருக்க விரித்து, ஆரிபா அதில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஹஸ்ரத் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னார்.

"அந்த நோன்புக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"அந்தப் பெருநாளைக்குத்தானே காரைக்குடியில இருந்து பட்டுநூல் வாங்கியாந்து குடுத்தீக. மணி கோக்க."

"வாங்கியாந்தேன்."

வெளியே மில் சங்கு ஊதி ஓய்ந்தது.

"ஜவுளிக்கடைக்காரர் கேட்டு வந்தப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல? நான் போயிட்டா சாதிக்கை யாரு பாக்குறதுன்னு நினைச்சீகளா?"

இல்லை என்று சொல்லிவிட ஹனிபாவுக்கு ஆசையாக இருந்தது. அழுதார். பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். அவள் அழாதீக என்றும் சொல்லவில்லை, கிட்டத்தில் வரவும் இல்லை. பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

இருட்டுமுன் அவருக்குச் சோறு வைத்தாள். கண் தெரியாதவர் தொண்டையில் சிக்கிவிடக் கூடாதென்று, எப்போதும்போல மீனில் முள்ளை எடுத்துவிட்டுத்தான் வைத்தாள். குனிந்து குழம்பு ஊற்றினாள், நிமிர்ந்தாள். மணிச் சத்தம் கேட்கவில்லை.