குழியைப் பார்த்தீர்களா?

இப்போது எல்லோர் கைப்பேசியிலும் பேசுகிற கணினி வந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறது, தெரியாததற்கும் சேர்த்துச் சொல்கிறது. எங்கள் மில்லுக்கு வந்தது அந்த ஜாதி இல்லை. சொல்லிக்கொடுத்ததைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஸ்டெரிலைசர் என் பொறுப்பு. லாரியைவிட நீளமாகப் படுத்துக்கிடக்கும் இரும்பு உருளை அது. பழக்குலைகளை உள்ளே தள்ளி, கதவைப் பூட்டி, ஒன்றரை மணி நேரம் நீராவியில் வேகவைப்போம். வெந்ததும் நீராவியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். உயிரோடு விளையாடுகிற இடம் அதுதான்.

நீராவி தண்ணீராகி உருளையின் அடியில் தேங்கும். ஒரு குழாய் வழியாக அது பின்னாலிருக்கும் குழியில் போய் விழும். மழைக்காலத்தில் பழம் சேறும் குப்பையுமாக வருவதால் குழாய் அடைத்துக்கொள்ளும். அப்போது அழுத்த மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே முழங்கால் அளவு கொதிநீர் நிற்கும். அதனால் கதவைத் தொடுவதற்கு முன் பின்னால் போய்க் குழியை எட்டிப் பார்ப்போம். தண்ணீர் விழவில்லையென்றால் இரும்புக் கம்பியால் குழாயை நாலு தட்டு தட்டுவோம். அடைப்பு விட்டுக் குபுகுபுவென்று கொட்டும்.

மில்லின் விதிப்புத்தகப்படி அது குற்றம். அடைப்பு என்றால் வேலையை நிறுத்தி, எழுதிவைத்து, என்ஜினியரைக் கூப்பிட வேண்டும். அரை நாள் போய்விடும். பழ லாரிகள் ரோடு வரை வரிசை நிற்கும். குழாயைத் தட்டிய ஒருவருக்கு ஒருமுறை எச்சரிக்கைக் கடிதம்கூடக் கொடுத்தார்கள். அதன் பிறகும் எல்லோரும் தட்டினோம், தட்டுவதாக ஒருவரும் சொன்னதில்லை. மேலிடத்தில் யார் கேட்டாலும் புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பது எங்கள் பழக்கம்.

ஜொகூர் பாருவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்தாள், பொறியாளர். அனுபவசாலிகளைக் கேட்டுக் கேட்டு, அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை விதிகளாக எழுதிக் கணினியில் போடுவது அவள் வேலை. இது இருந்தால், இதுவும் இருந்தால், இப்படிச் செய். அப்படி நூற்றுக்கணக்கான விதிகள். மீட்டர் சொல்வதை வாங்கி, ஒரு விதியிலிருந்து அடுத்த விதிக்குத் தாவி, கடைசியில் ஒரு முடிவுக்கு வரும். திரையில் பச்சையோ சிவப்போ எரியும். பக்கத்தில் "ஏன்" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எந்த விதி, யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று வரிசையாகக் காட்டும்.

"இதுக்குத் தானா ஒண்ணும் தெரியாது அங்கிள்," என்றாள். "நீங்க சொல்றதுதான் இதுக்குத் தெரியும்."

நல்ல பெண். பொறுமையாகக் கேட்டாள். ஆனால் மேனேஜரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டாள். கதவைத் திறக்கலாம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்றாள். மீட்டர் பூஜ்யத்துக்கு வரவேண்டும், பிறகு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றேன்.

"வேற ஏதும் பாப்பீங்களா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"வேற ஒண்ணும் இல்லம்மா."

விதிகளை ஏற்றிய கணினிப் பெட்டி வந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். என் ஷிப்டில் அது ஒருமுறைகூடத் தப்பு செய்யவில்லை. எப்படிச் செய்யும்? பச்சை எரிந்த பிறகும் நான்தான் திருடன் மாதிரி பின்னால் போய்க் குழியைப் பார்த்து, தேவைப்பட்டால் தட்டிவிட்டு வந்தேனே. அதன் குறையை நானே மூடி மூடி அதற்கு நல்ல பேர் வாங்கிக்கொடுத்தேன். அந்தப் பேரை நம்பி, இனி அனுபவசாலிகள் தேவையில்லை, திரையைப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். பழம் இறக்கும் மேடையில் இருந்த ஒருவனை மாற்று ஷிப்டுக்கு ஸ்டெரிலைசரில் போட்டார்கள்.

அவனை மில்லில் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் நாங்கள். அவன் மூத்த மகளுக்கு நான் ஞானத்தகப்பன். புது வேலை கிடைத்த பெருமையில் கேண்டீனில் என் முதுகில் ஒரு தட்டு தட்டினான்.

"பச்ச வந்தா தெறக்கணும், அவ்ளோதானே லா, அண்ணே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபத்திரண்டு வருடம் அவ்வளவுதானா? அந்தக் கெட்டிக்காரப் பெட்டியே உனக்குச் சொல்லித்தரட்டும் என்ற வீம்பு.

"அவ்ளோதான்," என்றேன்.

சாயங்காலத்துக்குள் கோபம் ஆறிவிட்டது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை. வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை காலை நான் பத்து பாகாட் ஊரில் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி அடித்தது. பச்சை எரிந்திருக்கிறது, திறந்திருக்கிறான், கொதிநீர் அலையாக வந்து அவனை அடித்திருக்கிறது. இலையை மூடாமலே எழுந்தேன். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தான். கட்டுக்குள்ளே அவன் முகம் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் செத்துப்போனான்.

விசாரணைக்கு அரசு அதிகாரி ஒருவர் வந்தார். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள், முகமெல்லாம் வீங்கி. "ஏன்" பொத்தானை அழுத்தினார்கள். அழுத்தம் பூஜ்யம், ஐந்து நிமிடம் முடிந்தது, ஆகவே திறக்கலாம் என்று காட்டியது. கீழே சொன்னவர் என்ற இடத்தில் என் பதவி, நான் சொன்ன தேதி. இதை நீங்கள்தான் சொன்னீர்களா, சரியா என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

சரி என்றேன். அன்றைக்கும் என் வாயிலிருந்து புத்தகம்தான் வந்தது. நாக்கை இழுத்து அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. அன்று காலையில் சாப்பிட நேரமில்லாமல் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க இருந்திருந்தா தெறந்திருப்பீங்களா, அண்ணே?"

அவளிடம் புத்தகம் ஒப்பிக்க முடியவில்லை.

"தெறந்திருக்க மாட்டேன்மா. பின்னால போய்க் குழியப் பாத்திருப்பேன்."

மைலோக் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"அத ஏன் அவர்கிட்ட சொல்லல?"

  மைலோவைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழி, குழாய், கம்பி, தட்டியது, மறைத்தது. எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அன்றைக்கே அந்தப் பெண்ணைத் திரும்ப வரவழைத்தார்கள். இந்த முறை மேனேஜர் பக்கத்தில் இல்லை. ஒரு மணி நேரத்தில் அவள் புது விதியைப் போட்டு முடித்தாள். ஒரே ஒரு மணி நேர வேலை.

இப்போது பச்சை எரிவதற்கு முன் திரை நின்று, குழியைப் பார்த்தீர்களா, தண்ணீர் விழுகிறதா என்று கேட்கிறது. இல்லை என்று அழுத்தினால் சிவப்புதான். புதிதாக வருகிற பையன்கள் சில சமயம் விளையாட்டாக "ஏன்" பொத்தானை அழுத்திப் பார்ப்பார்கள். விதி வரும், கீழே என் பதவி வரும், தேதி வரும். அவன் செத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்த தேதி.